வரிசையில் இல்லாத ஒன்று

முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி மறைப்புத் தொங்க, இரண்டு கையிலும் உறை மாட்டி, எந்த இடத்தில் மிதிவெடி கிடக்கும் என்று தெரியாத மண்ணுக்கு முன்னால் முழங்காலில் நிற்கும்போது பார்த்து மூக்கு அரித்துக் கடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஜெயரூபி மேலுதட்டைச் சுருக்கி, மூக்கை முயல் மாதிரி இரண்டு தரம் ஆட்டிவிடுவாள். அரைவாசிக் கடி போகும், மிச்சம் அரைவாசியோடு வேலையைப் பார்க்கலாம். இதை ஒருநாள் வீட்டில் செய்து காட்டப்போய், மகள் மதுசிகா அதைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் அம்மா முயலாக வேண்டும். இன்று காலையிலும் இடியப்பத்துக்கு முன்னால் முயலாகி முயலாகி மூக்கே களைத்துப் போயிருந்தது, அதுதான் இங்கே வந்து கடிக்குதாக்கும் என்று நினைக்க ஜெயரூபிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் மறைப்பில் ஆவி படியும், ஆவி படிந்தால் அது போகும்வரை கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும், அதனால் சிரிப்பையும் அரைவாசியில் விழுங்கினாள். நீளப் பிடியும் இரும்புப் பல்லும் வைத்த பாரமான விறாண்டியால் மண்ணின் முகத்தைக் கிளறி இழுப்பது, பிறகு மெல்லிய விறாண்டியால் கிளறினதை வாரிப் பின்னுக்குத் தள்ளுவது, ஒரு முழ ஆழம் வந்துவிட்டதா என்று தடியால் அளந்து பார்ப்பது, பார்த்துவிட்டு, கிளறி முடித்த எல்லையைக் காட்டுகிற அடித்தடியை ஒரு கை முன்னுக்கு நகர்த்துவது. இவ்வளவுதான் வேலை. லேன் என்று இவர்கள் சொல்லுகிற, ஒரு மீட்டர் அகலமான ஒற்றையடிப் பாதை. இரண்டு கரையிலும் கயிறு, கயிற்றுக்கு உள்ளே அவள், கயிற்றுக்கு வெளியே பற்றையும் ஈச்சம் முள்ளும் தலையில்லாத பனைகளும். தேத்தண்ணி முடிந்து விசில் ஊதினபிறகு அடுத்த விசில்வரை ஆரும் ஆரோடும் கதைக்கக்கூடாது. வாய் சும்மா இருந்தால் தலை சும்மா இருக்குமோ, அது தன்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்றது. கத்தரிக்காய் இரண்டு கிடக்கிறது, அதைக் குழம்பு வைத்தால் மதுசிகா தொடமாட்டாள். பொரித்தால் தொடுவாள், எண்ணெய்ப் போத்தலோ அடியில் நிற்கிறது. முருங்கையிலை ஒடித்துச் சுண்டலாம், வேலிக்கரை மரம் தளிர்த்துத்தான் நிற்கிறது, ஆனால் உச்சியில் தளிர்த்து நிற்கிறது, தவசீலன் கொக்கத்தடியோடு வந்தால்தான் எட்டும். தவசீலன் அவளுடைய மனுசன். அரிசி ஆலையில் மூட்டை இறக்கப் போகிறவன், பின்னேரம் தவிட்டு மணத்தோடு வருவான், வந்ததும் பிள்ளையைத் தோளில் ஏற்றி ஒழுங்கை முழுக்க ஒரு சுற்றுப் போவான். கிளறு, வாரு, அள, நகர்த்து. மண் இந்தப் பக்கம் வெள்ளையாய், சீனி மாதிரிக் கொட்டுகிறது, ஒரு பீர்க்கங்கொடி போட்டால் என்னமாய்ப் பிடிக்கும்.

இந்த நிலத்துக்கு அந்தக் காலத்தில் சூனியப் பிரதேசம் என்று பெயர். வடக்குப் பக்கம் ஆமியின் மண் அணை, தெற்குப் பக்கம் இயக்கத்தின் மண் அணை, நடுவில் மாடுகூட வராத முகமாலை மண். சண்டை முடிந்து இத்தனை வருசமாகியும் அணைகள் இரண்டும் மழைக்குக் கரைந்து, செத்த முதலை இரண்டு முதுகு காட்டிப் படுத்த மாதிரிக் கிடக்கின்றன. நேற்று ஜெயரூபியின் லேனில் ஒன்று அகப்பட்டது. பீ-போர் என்கிற சாமான், ஆமியின்ரை. உள்ளங்கைக்குள் அடங்கும், பிளாஸ்ரிக் உடம்பு, ஒரு கால் போவதற்குப் போதும். ஒரே அச்சில் வார்த்தது என்பதால் ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. இயக்கத்தின் ஜொனி மிதிவெடி அப்படியில்லை, அது பலகைப் பெட்டி, ஆரோ ஒரு பெடியனோ பெட்டையோ இருந்து ஆணி அடித்தது, ஒன்றில் ஆணி சரியாய் இறங்கியிருக்கும், இன்னொன்றில் வளைந்திருக்கும், வளைந்ததைச் சுத்தியலால் தட்டிப் படுக்க வைத்திருப்பார்கள். கறையான் பலகையைத் தின்றுவிட்டு வெடிமருந்தை மட்டும் மிச்சம் விட்டிருக்கும், அப்போது அது இன்னும் பொல்லாதது. ஆமியின் சாமான் என்றால் ஒரு நிம்மதி, அது வரிசையில் வரும். அணைக்குச் சமாந்தரமாய், நாற்று நட்ட மாதிரி, ஒன்றுக்கு ஒன்று அளந்து வைத்தது. ஒன்று அகப்பட்டால் அடுத்தது எங்கே என்று அணையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு வந்தவர்களுக்கு வேதக்காரர் ஆனாலென்ன சைவக்காரர் ஆனாலென்ன வரிசைதான் கடவுள். நேற்று அகப்பட்டதை வைத்து, பொறுப்பாய் நிற்கிற றெஜினா அக்கா அணையைப் பார்த்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, வரிசை இப்படிப் போகிறது, கஜந்தினியின் லேனில் அது மொட்டைப் பனைக்குப் பக்கத்தில்தான் வெட்டும் என்று சொன்னா. கஜந்தினி பக்கத்து லேன்காரி, பக்கம் என்றாலும் கூப்பிடு தூரம், இருவத்திரண்டு வயசு, வாயும் கையும் ஒரே வேகம். அப்ப பனைவரைக்கும் நான் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினே ஓட்டலாம் போல என்றாள் தேத்தண்ணிக் கொட்டிலில் இருந்து. எல்லாரும் சிரித்தார்கள். றெஜினா அக்கா சிரிக்காமல், ஒவ்வொரு சாண் நிலமும் கிளறத்தான் வேணும் எடி என்றா, ஓம் அக்கா ஓம் என்றாள் அவள், ஆனால் கைக்கு வரிசை தெரிந்துவிட்டால் வாய் என்ன சொன்னாலும் கை அவசரப்படும், அது எல்லாருக்கும் தெரியும். ஜெயரூபியின் கையும் அப்படித்தான் அவசரப்பட்டிருக்கிறது. இப்போது இருந்து கேட்டால் கஜந்தினியின் விறாண்டிச் சத்தம் காற்றோடு வருகிறது, சரக், சரக், சரக் என்று. முற்றம் கூட்டுகிற மாதிரி.

முற்றம் என்றதும் காலையில் கூட்டாமல் வந்தது ஞாபகம் வந்தது, அதிலிருந்து மதுசிகாவின் ஒற்றைச் செருப்பு, மற்றச் செருப்பைக் காணவில்லை, நாய் கொண்டுபோயிருக்கும். செருப்பு என்றால் இங்கேயும் அகப்படும். மிதிவெடி இல்லாத மற்றதெல்லாம் போடுவதற்குக் கொட்டிலடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதற்குள் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஆமிச் சப்பாத்தின் அடி, பாட்டாச் செருப்பின் வார், ஆர்பிஜி எறிகணையின் வால், மோட்டார்ச் செல்லின் செட்டை, தண்ணீர்ப் போத்தல் நசுங்கினது, எந்தப் பெட்டை தலைக்குக் குத்தினதோ ஒரு கறுப்புக் கிளிப். சுட்டுத் தள்ளின வெற்று ரவைக்கோது மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். இந்த அணையில் பொறுக்கினதையும் அந்த அணையில் பொறுக்கினதையும் கலந்து வைத்தால் பிரிக்கவே முடியாது, ஒரே மாதிரித் துவக்கால் இரண்டு பகுதியும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டிருக்கிறார்கள். கஜந்தினி அதை முதல்நாள் பார்த்துவிட்டு, ஒரே கடையிலை வாங்கியிருக்கினம் போல, சொல்லியிருந்தால் விலை குறைச்சிருப்பான் என்றாள். வேலைக்கு வந்த புதிதில் ஜெயரூபி இந்தக் கதையெல்லாம் வீட்டில் போய்ச் சொல்லுவாள், தவசீலன் கேட்டுக்கொண்டு இருப்பான், வாய் திறக்கமாட்டான். இந்த வேலைக்குப் பெயர் கொடுத்த அன்றும் அப்படித்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, மூன்றாம்நாள் கிணற்றடியில் பிள்ளைக்கு முழுகவார்த்துக்கொண்டு நின்றவன், பிள்ளையின் தலையைப் பார்த்தபடி, ஆமியின்ரை சாமான் கண்டால் அது ஆமி வைச்சதெண்டு நினையாதை என்றான். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு துவாயால் பிள்ளையின் காதைத் துடைத்தபடி மெல்லச் சொன்னான், அவன் வைச்சதை நாங்கள் கையாலை கிளப்பி எடுத்துக்கொண்டு வந்து அவன் வாற வழியிலை திருப்பி வைக்கிறது, ஒரு சாமானுக்கு இரண்டு வேலை. வரிசையாகவோ என்று அவள் கேட்டதற்கு, வரிசையா வைக்க நாங்கள் என்ன நெல்லே நட்டனாங்கள், ஓடிவாறவன் எங்கை விழுந்து படுப்பானோ அங்கை, என்றான். சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தக் கதை அவன் வாயில் வந்ததே இல்லை, அவளும் கேட்டதில்லை. ஒருத்தனின் வாயிலிருந்து ஒரு தரம் வந்த கதையை இன்னொரு தரம் இழுப்பது புண்ணில் ஒட்டின துணியை இழுப்பது போல, ஈரம் பட்டுத் தானாய்க் கழன்றால் நல்லது. அதோடு அவளுக்கு ஆயிரம் வேலை இருந்தது, பிள்ளைக்குத் தடுப்பூசி, கூரைக்குக் கிடுகு, கோழி அடைகாத்தது.

விறாண்டியின் பல்லில் ஏதோ மெதுவாய் இழுபட்டது. வேர் இப்படி இழுபடாது, வேர் தெறிக்கும். கல் இப்படி இழுபடாது, கல் கிறீச்சிடும். கை தானாய் நின்றது, இந்த வேலையில் முதலில் படிப்பது அதுதான், கை நிற்கவேண்டும், தலை பிறகு வந்து சேரலாம். விறாண்டியைப் பின்னுக்கு வைத்துவிட்டு, தூரிகையை எடுத்து, பக்கவாட்டில் மண்ணைத் தட்டிவிட்டாள். ஒரு பொலித்தீன் மூலை. பொலித்தீன் இங்கே அகப்படாத இடமில்லை, பிஸ்கற் பைக்கற்றில் இருந்து சேலைன் பைவரை மண்ணுக்குள் இருக்கிறது, அதனால் பயப்படாமல் இன்னும் கொஞ்சம் தட்டினாள். உள்ளே பச்சையாய் ஒரு வளைவு தெரிந்தது, பொலித்தீனுக்கு உள்ளே, சீனிக்குள் போட்டு வைத்த தேசிக்காய் மாதிரி. பீ-போர். இங்கே இருக்க ஞாயமில்லை. வரிசை நேற்றே பின்னால் போய்விட்டது, அடுத்த வரிசைக்கு இன்னும் கனதூரம் கிடக்கிறது. தூரிகை பக்கத்தில் இருந்து பக்கமாய் நகர, பொலித்தீனின் வாய் வெளியே வந்தது. நூலால் கட்டவில்லை, றப்பர் போடவில்லை, முடிச்சும் இல்லை. வாயை மூன்று தரம் மடித்து, மடித்ததின் இரண்டு காதையும் பின்னுக்கு வளைத்து, ஒரு காதை மற்றக் காதின் கீழே செருகியிருந்தது. தண்ணி போகாது, காற்றுப் போகாது, இழுத்தாலும் கழலாது. ஜெயரூபிக்கு இந்த மடிப்புத் தெரியும். வீட்டில் சீனிப்பை இப்படித்தான் இருக்கும், தேயிலைப்பை இப்படித்தான் இருக்கும், மதுசிகா அரைவாசி தின்ற பிஸ்கற் பைக்கற்றும் தவசீலன் கையில் போய்வந்தால் இப்படித்தான் இருக்கும். றப்பர் வாங்கித் தொங்கவிட்டிருக்கிறாள், அவன் தொடமாட்டான். பக்கத்து வீட்டு மனுசி உப்புக் கேட்டு வந்து, பையைத் திறக்கத் தெரியாமல், இதென்னடி பிள்ளை பெட்டகமோ என்று கேட்டிருக்கிறா. எந்தக் கடையிலை பழகின மடிப்பு உது என்று அவளும் எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறாள், அவன் சிரிக்கமாட்டான், பையை வாங்கி எறும்பு போகாதபடி இன்னொரு தரம் அழுத்திவிட்டுத் தட்டில் வைப்பான். எந்தக் கடை என்று இன்றைக்குத் தெரிந்தது.

அவள் கை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்க வேணும், கண்டால் உடனே எழும்பிப் பின்னால் வந்து கை உயர்த்த வேணும், அதுதான் சட்டம், ஆனால் அவள் அப்படியே முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தாள். பயமில்லை. இது அமத்தினால்தான் வெடிக்கும், பார்த்தால் வெடிக்காது. பார்க்கப் பார்க்க அந்தப் பை வீட்டுத் தட்டில் இருந்து ஆரோ எடுத்துவந்து இங்கே வைத்த மாதிரி இருந்தது. இவரேதான் என்று ஒரு மனம் சொன்னது. எல்லாருக்கும் இப்படித்தான் பழக்கியிருப்பினம், ஒரு அணியில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் இப்படித்தான் மடிப்பினம், நீ ஏன் உன்ரை மனுசனை இழுக்கிறாய் என்று மற்ற மனம் சொன்னது. இவர் என்றால் என்ன, இவருக்குப் பக்கத்தில் இருந்து மடித்தவன் என்றால் என்ன, ஒன்று கிடந்தால் இன்னும் கிடக்கும், அதுவும் வரிசையில்லாமல். ஒரு பையை மடித்துவிட்டு எழும்பிப் போகிற ஆளில்லை தவசீலன், சாமான் வாங்கிவந்த அன்று கடுகுப்பைவரை எல்லாவற்றையும் மடித்து அடுக்கிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பான். சரக், சரக் என்று கஜந்தினியின் விறாண்டி. அவள் பனைக்கு இன்னும் போகவில்லை, போகும்வரை வெறும் மண் என்று நினைத்து இழுக்கிறாள், அவளின் லேனில் பனைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது, ஆரோ சூட்டுக்கு மறைந்து காப்பெடுத்த பழைய குழி, மண் நிரவிக் கிடக்கிறது. ஓடிவாறவன் எங்கை விழுந்து படுப்பானோ அங்கை. சும்மா ஒரு பீ-போர் கிடக்கு என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும் என்று ஜெயரூபிக்குத் தெரியும். றெஜினா அக்கா வந்து பார்ப்பா, வெள்ளத்துக்கு இழுபட்டு வந்திருக்கும் என்பா, பொலித்தீனோ, அது எங்கையும் சுத்தும் என்பா, வெள்ளத்தில் இழுபட்டு வாறது நடக்கிறதுதான், போன மாரிக்குப் பிறகுகூட இரண்டு அப்படி அகப்பட்டன. சிவப்புத் தடி நடுவார்கள், பின்னேரம் வெடிக்க வைப்பார்கள், கஜந்தினியின் கை பனைவரை அவசரமாய்த்தான் போகும். இல்லை, இது இயக்கம் திருப்பி வைத்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னெண்டு உனக்குத் தெரியும், எப்பிடித் தெரியும் என்று வரும். வராமல் இருக்குமோ. அதற்கு என்ன சொல்ல. எங்கடை வீட்டுச் சீனிப்பை இப்படித்தான் இருக்கும் என்றோ.

தவசீலன் பதியாத ஆள். கடைசி நாட்களில் சனத்தோடு சனமாய், சாரமும் கிழிந்த சேட்டுமாய், தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு நீரேரியைக் கடந்து வந்தவன். ஒருநாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் எழும்பி வந்து பதியுங்கோ என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது அவன் எழும்பவில்லை. எழும்பிப் போனவர்களில் கொஞ்சப் பேர் புனர்வாழ்வு முடிந்து வந்தார்கள், கொஞ்சப் பேரைத் தாய்மார் இன்னும் படத்தோடு தேடுகிறார்கள். அவன் தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். தாயும் செத்துப் போய்விட்டா, அவன் இயக்கத்தில் இருந்தது இப்போது தெரிந்தது ஜெயரூபிக்கு மட்டும், அதுவும் கலியாணத்துக்குப் பிறகு. மாதத்தில் ஒருதரம், சிலவேளை இரண்டு தரம், சிவில் உடுப்புப் போட்ட புலனாய்வுக்காரர் ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்குள் வருவார், நல்லாய்த்தான் கதைப்பார், தண்ணி வாங்கிக் குடிப்பார், எந்த வீட்டில் ஆர் ஆர், ஆர் வெளிநாடு போனது, ஆர் வந்தது என்று கேட்பார். ஜெயரூபி சிரித்துச் சிரித்து மறுமொழி சொல்லுவாள், அவளுக்குச் சிரிப்பு இயல்பாய் வரும் என்பது அந்த நேரம் பெரிய உதவி. அவர் போனபிறகு பார்த்தால் தவசீலன் பின்வளவில் விறகு கொத்திக்கொண்டு நிற்பான், தேவைக்கு மேலே கொத்தி முடித்திருப்பான். இந்த மனுசனைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தி, இவர்தான் வைச்சவர், கேளுங்கோ என்று சொல்லுகிறதோ. சொல்லாமல் விடுகிறதோ. சொல்லாமல் விட்டால் பின்னேரம் வான் வண்டியில் கஜந்தினியோடு ஒரே இருக்கையில் இருந்து போகவேணும், அவள் வழக்கம்போல அவித்த கச்சான் கடலை தருவாள், அதை வாங்கி உடைத்துத் தின்னவேணும். நாளைக்கும், நாளையிண்டைக்கும். அவள் கச்சான் தருகிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு இரண்டு காலும் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவேணும். ஜெயரூபிக்குத் திடீரென்று தவசீலன்மேல் கோபம் வந்தது, பெரிய கோபமில்லை, சோறு அடிப்பிடிக்கிறமாதிரி ஒரு கோபம். இந்தாள் அப்ப கொஞ்சம் வடிவில்லாமல் மடித்திருந்தால் என்ன, அவசரத்தில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் என்ன, நானும் வெள்ளம் என்று நினைத்துவிட்டுப் போயிருப்பேன். எறிகணை விழுந்துகொண்டு இருக்க, இருட்டுக்குள் குப்புறப் படுத்திருந்து, காதை வளைத்துச் செருகியிருக்கிறார். இவருக்கு அப்ப என்ன வயசு, பத்தொன்பது இருக்குமோ, மீசையும் ஒழுங்காய் முளைத்திராது. மகளின் கால் நினைவுக்கு வந்தது, குண்டுக் கால், கணுக்காலில் கறுப்புக் கயிறு, ஒற்றைச் செருப்பு. அந்தக் காலை நினைக்காமல் விட்டுப்பார்த்தாள், அது போகவில்லை, போகவேண்டாம் என்றும் இருந்தது. இந்த நிலம் துப்புரவாகி அடுத்த வருசமோ அதற்கடுத்த வருசமோ சனத்துக்குக் குடுத்துவிடுவார்கள், பீர்க்கங்கொடி போடுவார்கள், எங்கேயோ ஒரு வீட்டுப் பிள்ளை மொட்டைப் பனையடியில் நொங்குக் கோம்பை பொறுக்கப் போகும். அந்தப் பிள்ளைக்கு வரிசையைப் பற்றி ஆர் சொல்லப்போகினம். தவசீலன் இன்றைக்கு வந்து கேட்டால் என்ன சொல்லுவான். என்னைக் கேளாமல் ஏன் சொன்னாய் என்பான். அல்லது வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். அவன் அன்றைக்குக் கிணற்றடியில் அதை ஏன் சொன்னான் என்று அவளுக்கு இப்போதுதான் யோசிக்கத் தோன்றியது. தன் பெயரைக் காப்பாற்ற நினைத்த ஆள் அதைச் சொல்லத் தேவையில்லை. அவளின் காலைக் காப்பாற்றத்தான் சொன்னான். அவளின் கால் மட்டும்தான் காலோ.

சரக் என்ற சத்தம் பள்ளத்துக்கு இறங்குகிற மாதிரி மாறியது, மண் இளகின இடத்தில் விறாண்டி பேசுகிற விதமே வேறு, அதை ஜெயரூபி காதால் கண்டாள். எழும்பி, பின்னுக்கு வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியாத ஒரு குரலில், நில்லு கஜந்தினி, அசையாதை, அப்பிடியே நில்லு என்றாள். கஜந்தினி விறாண்டி பாதி தூக்கினபடி நின்றாள், கோயில் தேரில் செதுக்கின பொம்மை மாதிரி. கண்ணாடி மறைப்புக்குப் பின்னால் அவள் சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று தெரியவில்லை. நீண்ட விசில் ஒன்று கேட்டது, மற்ற லேன்களிலும் சத்தம் ஓய்ந்தது. றெஜினா அக்கா துப்புரவான பாதையால் வந்தா, அவ எப்போதும் ஓடமாட்டா, ஓடுகிற ஆள் இந்த வேலைக்கு உதவாது என்பா. முதலில் கஜந்தினியைக் கிளறின மண்ணிலேயே காலை வைத்துப் பின்னுக்கு வரச் சொல்லிவிட்டு, பிறகு ஜெயரூபியின் லேனுக்குள் வந்து, முழங்காலில் இருந்து பார்த்தா. கனநேரம் பார்த்தா. பொலித்தீனின் வாயில் அவவின் கண் நின்றதை ஜெயரூபி கண்டாள்.

“பீ-போர்தான். வெள்ளத்துக்கு இழுபட்டிருக்கும்,” என்றா கடைசியில், தனக்கே சொல்லிப் பார்க்கிற மாதிரி.

“இழுபட்டு வரேல்லை அக்கா. வைச்சது. ஆமியின்ரையை இயக்கம் கிளப்பி எடுத்துத் திருப்பி வைச்சது. இதுக்கு வரிசை இல்லை. கஜந்தினி நிண்ட பள்ளத்துக்கை கட்டாயம் கிடக்கும்.”

“என்னெண்டு தெரியும் பிள்ளை?”

ஜெயரூபி மறைப்பைக் கழற்றவில்லை. அதற்குள் தன் மூச்சே சூடாய்த் திரும்பி வந்து முகத்தில் பட்டது. மறைப்பின் கரையால் பார்த்தால் கஜந்தினி கொட்டிலடியில் தண்ணி குடித்துக்கொண்டு நின்றாள், இரண்டு காலிலும், ஒரு காலை மற்றக் காலில் சொறிந்துகொண்டு. றெஜினா அக்கா மறுபடி பையைப் பார்த்தா. அவவும் வன்னியில் கடைசிவரை இருந்த ஆள்தான், மனுசனையும் தம்பியையும் அங்கே விட்டுவிட்டு வந்தவ, ஆனால் எந்தக் கதையையும் தேத்தண்ணிக் கொட்டிலுக்குள் கொண்டுவந்ததில்லை. வடிவா மடிச்சிருக்கு என்றா மெல்ல, மெச்சுகிறாவா நோகிறாவா என்று தெரியவில்லை. காலையில் வான் ஏற்றிவிட வந்த தவசீலனை, தோளில் பிள்ளையோடு, அவ எத்தனையோ நாள் கண்டிருக்கிறா, கையும் காட்டியிருக்கிறா.

“எல்லா லேனையும் நிப்பாட்டி வையுங்கோ அக்கா,” என்றாள் ஜெயரூபி. “நான் வீட்டை போய்க் கதைக்கிறன். வருவாரெண்டு சத்தியம் பண்ணேலாது. வந்தாரெண்டால் அணையிலை நிண்டு எங்கை எங்கை எண்டு கையைக் காட்டுவார். ஆர் ஆளெண்டு உங்களுக்கு விளங்கும். விளங்கினாலும் பேரை மட்டும் கேக்காதேங்கோ.”